சூப்பர் மார்க்கெட் வேலை: 12,000 சம்பளம் எங்கெங்கே கரைகிறது

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளில் "பில்லிங், ஃப்ளோர், பேக்கிங்கிற்கு ஆட்கள் தேவை, நல்ல சம்பளம்" என்று இருக்கும். உள்ளே போய்க் கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். 12,000 என்று வைத்துக்கொள்வோம். காலை 9:30-க்கு வர வேண்டும், இரவு 9:30-க்குப் போகலாம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், மாதம் 2 நாள் லீவு. பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே தலையாட்டிவிடுகிறார்கள். பேனாவை எடுத்துக் கணக்குப் போட வேண்டிய இடமும் அதுதான்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன்படி ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். 8 மணி நேரத்துக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம்.

மாதத்தில் 4 நாள் வார விடுமுறை போக மிஞ்சும் 26 நாளால் 12,000-ஐ வகுத்தால் நாளுக்கு 461 ரூபாய் 54 காசு. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் 69 காசு. சாப்பாட்டு நேரம் போக நீங்கள் உழைப்பது 11 மணி நேரம், அதாவது தினமும் 3 மணி நேரம் ஓவர்டைம். 26 நாளுக்கு 78 மணி நேரம். இரட்டை விகிதத்தில் மணிக்கு 115 ரூபாய் 38 காசு வீதம் 78 மணிக்கு 9,000 ரூபாய் வருகிறது. "12,000 சம்பளம்" என்று பேசிய அதே வேலைக்கு 21,000 தர வேண்டும். அந்த 9,000 எந்தப் பேச்சிலும் வருவதே இல்லை. 11 மணி நேரம் வேலை வாங்குவதே அந்த 1947 சட்டத்தின் வரம்பைத் தாண்டியது என்பது தனிக் கதை. ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரம் என்றுதான் அதில் இருக்கிறது.

மாதம் 4 நாள் வார விடுமுறை கிடைக்க வேண்டிய இடத்தில் 2 நாள் என்று பேசினால், ஒற்றைச் சம்பளக் கணக்கிலேயே இன்னும் 923 ரூபாய் போகிறது.

இந்தக் கணக்கை முதலாளி முகத்துக்கு நேரே படிக்கச் சொல்லவில்லை. வேலை தேவைப்படும் நேரத்தில் யாராலும் அது முடியாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கடைகளில் வேலை கிடைத்தால் எது உண்மையில் கூடுதல் சம்பளம் என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும். 9 மணி நேர ஷிப்டுக்கு 11,000 தரும் கடை, 12 மணி நேரத்துக்கு 12,500 தரும் கடையைவிட நல்ல கடை.

சேரும்போது கேட்க வேண்டியவை என்று பார்த்தால் சம்பளத் தொகை கடைசியில்தான் வரும். ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பதைவிட, ஷட்டர் போட்ட பிறகு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கேஷ் டேலி, ரேக் அடுக்குவது, தரை துடைப்பது எல்லாம் சேர்ந்து 45 நிமிடம் தின்றுவிடும். அந்த நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. சொல்லும் தொகை கையில் வருவதா, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிப்பதற்கு முந்தையதா என்று கேளுங்கள். முதல் மாதம் 15 நாள் சம்பளத்தை ஹோல்ட் செய்வார்களா என்று கேளுங்கள். ஷார்டேஜ் வந்தால், அதாவது பணமோ சரக்கோ குறைந்தால், யாரிடம் பிடிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே கடையின் குணம் தெரிந்துவிடும். உள்ளே வேலை பார்க்கும் பேக்கிங் அக்காவிடமோ வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடமோ இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்வது இன்னும் நல்லது.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டின் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். "ரெண்டு நாள்ல தந்துடுறோம்" என்று வாங்கிய சான்றிதழ், வேலையை விடும் நாள் வரைக்கும் மேனேஜர் பீரோவில் இருக்கும். பிறகு அதுவே உங்களைக் கட்டிப்போடும் கயிறாகிவிடும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண், எந்தத் தேதியில் வாங்கினோம் என்று கடை லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள்.

ஷார்டேஜ்

இந்த வேலையில் ஒரு மனிதனை அதிகம் உடைப்பது குறைந்த சம்பளம்கூட இல்லை. மாதக் கடைசியில் "ஷார்டேஜ்" என்ற பெயரில் நடக்கும் பிடித்தம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஷார்டேஜ் இரண்டு வகை. ஒன்று கவுன்டரில் பணம் குறைவது. மற்றது கடையில் சரக்கு குறைவது.

பணத்திலிருந்து ஆரம்பிப்போம். காலையில் கவுன்டரில் உட்காரும்போது சில்லறை என்று ஒரு தொகை தருவார்கள். 2,000 என்றால் எண்ணாமல் வாங்காதீர்கள். 10 ரூபாய்க் கட்டு என்று ரப்பர் பேண்ட் போட்டுத் தருவதில் 98 நோட்டு இருப்பது அதிசயமே இல்லை. கட்டைப் பிரித்து, தந்தவர் கண்முன்னால் எண்ணி, தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் ஆபீசுக்குப் பணம் எடுத்துப் போனால் அதற்கும் தொகை, நேரம், கையெழுத்து வேண்டும்.

இரவு டேலி இப்படி இருக்க வேண்டும். சில்லறை 2,000. கேஷ் விற்பனை 38,460. ரிட்டர்ன் கொடுத்தது 340. நடுவில் ஆபீசுக்குக் கொடுத்தது 30,000. அப்படியானால் டிராயரில் 10,120 இருக்க வேண்டும். யூ.பி.ஐ., கார்டு இரண்டையும் தனித்தனியாக மெஷின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டும்.

குறைகிறது என்றதும் பையிலிருந்து எடுத்து வைக்காதீர்கள். குறைந்த தொகையே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். கேஷில் 640 குறைந்து யூ.பி.ஐ.யில் 640 கூடியிருந்தால் பணம் எங்கும் போகவில்லை; யூ.பி.ஐ. பில்லை அவசரத்தில் கேஷ் என்று அழுத்தியிருக்கிறீர்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எண்ணை மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்: 540-ஐ 450 என்று போட்டால் 90 வரும். சரியாக 180 குறைந்தால் 20 ரூபாய் நோட்டு என்று நினைத்து 200-ஐக் கொடுத்திருக்கலாம். இரண்டும் மஞ்சள் சாயல்தான், மாலை நேரக் கூட்டத்தில் கண் ஏமாறும். பத்துப் பத்தாகக் குறைந்தால் நாணயங்களைப் பாருங்கள். 10 ரூபாய் நாணயம் வட்டம், 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பக்கம். விரலால் தடவியே பிரித்துவிடலாம். ஒரே குழியில் இரண்டையும் போட்டால்தான் குழப்பம்.

யூ.பி.ஐ.யில் இன்னொரு வலி இருக்கிறது. வாடிக்கையாளர் போனைக் காட்டி "போயிடுச்சு பாருங்க" என்பார். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஸ்பீக்கரில் தொகை சொன்ன பிறகு, அல்லது கடை ஆப்பில் பணம் ஏறிய பிறகுதான் பையைக் கொடுக்க வேண்டும். இரண்டு கவுன்டருக்கு ஒரே ஸ்பீக்கர் என்றால், பக்கத்து கவுன்டருக்கு வந்த 250-ஐ உங்களுடையது என்று நினைத்துவிடுவீர்கள். பில் நகலில் பரிவர்த்தனை எண்ணின் கடைசி 4 இலக்கத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் ஒன்றே மாதம் பல நூறு ரூபாயைக் காப்பாற்றும்.

லாகின் விஷயத்தில் தாட்சண்யமே கூடாது. தண்ணீர் குடிக்கப் போனாலும் லாக் செய்துவிட்டுப் போங்கள். "சும்மா ரெண்டு பில்லுதான்" என்று உங்கள் பெயரில் இன்னொருவர் போட்ட பில்லுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பில் கேன்சல் செய்யும் பாஸ்வேர்டு சூப்பர்வைசரிடம் இருக்கும். அவர் கேன்சல் செய்த ஒவ்வொரு பில்லின் எண்ணையும் நேரத்தையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரக்கு ஷார்டேஜ் வேறு மாதிரி. ஸ்டாக் எடுத்தார்கள், 18,000 ரூபாய்க்குக் குறைகிறது, ஸ்டாஃப் 12 பேர், தலைக்கு 1,500. இப்படித்தான் பல கடைகளில் நடக்கிறது. இது தவறு. சம்பளத்தில் இழப்புக்காகப் பிடிக்க வேண்டுமென்றால் மூன்றும் இருக்க வேண்டும்: அந்தப் பொருளோ பணமோ உங்கள் பொறுப்பில் தனியாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், இழப்பு உங்கள் கவனக்குறைவால் நேரடியாக நடந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. நாள் முழுக்க நூறு பேர் வந்து கை வைக்கும் திறந்த ரேக்கை 12 பேரிடம் "ஒப்படைத்தோம்" என்று எந்தக் கடையும் நிரூபிக்க முடியாது. தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதே, யார் தவறென்று தெரியவில்லை என்பதற்கு அவர்களே எழுதித் தரும் ஒப்புதல்.

சரக்கு எங்கே குறைகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். திருட்டு அதில் ஒரு பகுதிதான். சப்ளையர் பில்லில் 24 என்று இருக்கும், பெட்டிக்குள் 23 இருக்கும். லோடுக்காரர் வண்டியை எடுக்கும் அவசரத்தில் எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒரே பார்கோடில் பழைய விலை 40, புதிய விலை 45 என்று இரண்டு ஸ்டாக் இருக்கும். பில்லிங்கில் 40 தேர்வானால் பாக்கெட்டுக்கு 5 ரூபாய் காணாமல் போகும். பருப்பு, சர்க்கரை பேக்கிங்கில் கிலோவுக்கு 10 கிராம் கூடுதலாக விழுந்தால் 50 கிலோ மூட்டையில் அரை கிலோ குறையும். வெங்காயம் நாளாக நாளாகக் காய்ந்து எடை இறங்கும், கீரை மறுநாளே குப்பைக்குப் போகும், பால் கிரேட்டில் 24 அரை லிட்டர் பாக்கெட்டில் ஒன்று ஒழுகும். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" பொருளில் இலவசத்தை ஸ்கேன் செய்யாமல் விட்டால் ஸ்டாக்கில் அது இருப்பதாகவே காட்டும். வேறு கிளைக்கு அவசரமாகக் கொடுத்தனுப்பிய இரண்டு பெட்டி எண்ணெய்க்கு டிரான்ஸ்ஃபர் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: சரக்கு இறங்கும்போது பெட்டியை எண்ணி, பிரிந்திருக்கும் பெட்டியை உள்ளே திறந்தும் எண்ணி, குறைந்தால் சப்ளையர் பில்லிலேயே "23 மட்டும் வந்தது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கெட்டுப்போனது, ஒழுகியது, எலி கடித்தது எல்லாவற்றுக்கும் டேமேஜ் நோட்டில் அன்றைக்கே எழுதுங்கள். கடையில் அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் ஸ்டாஃப் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டோவோடு போடுங்கள்: "தயிர் 400 கிராம் 6 கப் உப்பிடுச்சு, ரிட்டர்ன்ல வச்சிருக்கேன்." பேக்கிங் தராசில் காலி கவரை வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் முதல் பாக்கெட் போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடித்தால், சண்டை போடாமல், எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்ஆப் போதும். "அண்ணா, இந்த மாச சம்பளத்துல 1,500 ஷார்டேஜ்னு பிடிச்சிருக்கு. எந்தத் தேதி, எந்தப் பொருள், எவ்வளவுன்னு டீட்டெய்ல் அனுப்புங்கண்ணா." மரியாதையான ஒரு கேள்விதான். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது பின்னால் உங்களுக்கு ஆவணம். வெள்ளைத் தாளில் "நஷ்டத்துக்கு நானே பொறுப்பு" என்று எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம் என்று நிறுத்தினால், கையெழுத்துக்கு மேலே "பிடித்தத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, விளக்கம் கேட்கப்படவில்லை" என்று எழுதித் தேதி போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைன் என்ற பெயரில் நடப்பதற்கும் எல்லை உண்டு. அந்த மாதத்தின் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000-க்கு 360 ரூபாய். பத்து நிமிடம் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டால் இரண்டு நாள் சம்பளம் என்று வெட்டுவது சட்டத்தில் இல்லை. வராத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் குறைக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள்: 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, முன்னறிவிப்பின்றி, தக்க காரணமில்லாமல் ஒரே நேரத்தில் வராமல் இருந்தால் 8 நாள் சம்பளம் வரை பிடிக்க இடமிருக்கிறது. கோபத்தில் எல்லோரும் சேர்ந்து மட்டம் போடுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் பி.எஃப்., 10 பேர் இருந்தாலே ஈ.எஸ்.ஐ. கிளைகளில் ஆறு ஆறு பேராக இருந்தாலும் ஒரே நிறுவனம் என்றால் எல்லோரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், கடையின் பங்கு 3.25 சதவீதம். 12,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிக்க வேண்டியது 90 ரூபாய். கடை கட்ட வேண்டியது 390. சம்பளச் சீட்டில் 480 பிடித்திருந்தால் அவர்கள் பங்கையும் உங்களிடமே வாங்குகிறார்கள் என்று பொருள். பி.எஃப்.பிலும் இதே வித்தை நடக்கும். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,440. கடையும் அதே 1,440 போட வேண்டும். "மொத்தம் 2,880 பிடிப்போம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிடிக்கிறார்கள், ஆனால் கட்டவே இல்லை என்பது இன்னும் கொடுமை. சரிபார்ப்பது எளிது. யூ.ஏ.என். என்னும் உங்கள் பி.எஃப். எண்ணோடு இணைத்த மொபைலிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை எஸ்.எம்.எஸ். ஆக வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். யூ.ஏ.என். எண்ணே தரவில்லை என்றால் அதை முதலில் எழுதிக் கேளுங்கள்.

ஈ.எஸ்.ஐ. கார்டை வெறும் பிடித்தமாகப் பார்க்காதீர்கள். ஒரு பங்களிப்புக் காலத்தில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை, 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், பிறகு நோயில் படுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். டெங்கு வந்து பத்து நாள் படுத்தால் கடை சம்பளத்தை வெட்டும். டிஸ்பென்சரி டாக்டரின் சான்றிதழோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்தால் பணம் வங்கிக்கு வரும். தெரியாத காரணத்தாலேயே இதைக் கேட்காமல் விட்டவர்கள் ஏராளம். பெயரும் குடும்பத்தினர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா என்று சேர்ந்த முதல் மாதமே பாருங்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்த ஓடுவது பெரிய வேதனை.

விடுமுறைக்கு வந்தால், தமிழ்நாட்டில் வருடத்துக்கு 9 நாள் தேசிய, பண்டிகை விடுமுறை சம்பளத்துடன் உண்டு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இன்னும் 5 பண்டிகை நாட்கள். அன்றைக்கு வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. வாக்குப்பதிவு நாளும் சம்பளத்துடன் விடுமுறைதான். ஒரு வருடம் முடித்தவர்களுக்கு 1947 சட்டப்படி ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு, தற்செயல் விடுப்பு மூன்றும் தலா 12 நாள். தீபாவளிக்குத் தரும் ஸ்வீட் பாக்ஸும் 1,000 ரூபாய்க் கவரும் போனஸ் ஆகாது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் வருடத்தில் 30 நாள் வேலை செய்தவருக்கும் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் உண்டு.

கால்

12 மணி நேரம் நின்றால் மாலையில் செருப்பு இறுகும். கணுக்காலில் சாக்ஸ் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும், விரலால் அழுத்தினால் குழி மெல்லத்தான் மேலெழும்பும். இரண்டு மூன்று வருடத்தில் கெண்டைக்காலில் நீல நரம்பு சுருண்டு தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் கவுன்டரில் கூட்டம் சேரும், சூப்பர்வைசர் முகம் மாறும் என்பதால் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் மாறி மாறி வருவது இதனால்தான். இது வேலையின் பகுதி என்று யாரும் பழகிக்கொள்ள வேண்டியதில்லை.

உட்காருவது சலுகை இல்லை. கேரளா இதை 2018-இல் சட்டமாகவே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் 1947 சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் ஸ்டூல் குடோனில்தான் கிடக்கிறது; போட்டாலும் யாராவது உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு போன் வருகிறது. தனியாகக் கேட்டால் "உனக்கு மட்டும் என்ன" என்பார்கள். பில்லிங்கில் நாலு பேர் சேர்ந்து, கவுன்டருக்கு ஒரு உயர ஸ்டூல், ஃப்ளோரில் செக்ஷனுக்கு ஒன்று என்று எண்ணிக்கையோடு எழுதிக் கேளுங்கள். கேட்பது தெளிவாக இருந்தால் மறுப்பது கடினம். கிடைக்கும்வரை, ஒரு காலை நாலு அங்குல உயரப் பெட்டி மேல் வைத்து மாற்றி மாற்றி நில்லுங்கள்; குதிகாலை உயர்த்தி இறக்குவதை மணிக்கு 20 தடவை செய்யுங்கள். சப்பைச் செருப்பை விட்டு, பின்பட்டை உள்ள, தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பு போடுங்கள்.

அரிசி மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வரியைத் தவிர்க்க ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. அந்தக் கூடுதல் ஒரு கிலோ கடையில் லோடு இறக்கும் பையன்களின் முதுகில்தான் ஏறியது. நூறு மூட்டை இறக்கினால் 100 கிலோ கூடுதல். இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடித்து, மூட்டையை வயிற்றோடு ஒட்டி எழுந்திருங்கள். தூக்கிக்கொண்டே உடம்பைத் திருகாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். மூட்டையை மார்பு உயரத்துக்கு மேல் அடுக்கச் சொன்னால் இரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும். வேலையில் அடிபட்டால் அன்றைக்கே கடையின் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் "வேலை நேரத்தில், கடைக்குள்" என்று சொல்லிப் பதியுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் வேலைக் காயத்துக்கான பணம் கைவிட்டுப் போகும்.

பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்த அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் செய்து தர வேண்டும். 24 மணி நேரமும் கடை திறக்க 2019-இல் அரசு தந்த அனுமதியோடு சேர்ந்த நிபந்தனை இது. சேரும் நாளில் கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டுக்குள் அந்தச் சம்மதத் தாளும் இருக்கக்கூடும், படித்துவிட்டுப் போடுங்கள்.

நோட்டு

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் ஒரு வரி: தேதி, வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம். வாங்கிய அட்வான்ஸ், பிடித்த தொகை, லீவு எல்லாம் அதிலேயே. கடையின் ரிஜிஸ்டரில் 9:30 – 6:30 என்று எழுதிவைத்துக் கையெழுத்து வாங்குவது வழக்கம் என்றால், நோட்டு மட்டும் போதாது. இரவு கிளம்பும்போது குரூப்பில் "கவுன்டர் 2 க்ளோஸ் பண்ணிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போடுங்கள், நேரம் தானாகவே பதிவாகும். நீங்கள் போட்ட கடைசி பில்லில் கேஷியர் பெயரும் நேரமும் அச்சாகியிருக்கும். வாரம் ஒன்றைப் போட்டோ எடுத்துவையுங்கள். பில் தாளையே வைத்திருக்காதீர்கள், சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் ஐடி கார்டும் தராத கடையில், நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்கே அந்த பில்தான் சாட்சி. சம்பளத்தைக் கையில் தந்தால் அன்றைக்கே முழுத் தொகையையும் உங்கள் கணக்கில் போட்டு, பிறகு எடுத்துச் செலவு செய்யுங்கள்.

குறைந்தபட்ச ஊதியத்தையும் இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். கடைகளுக்கான தொகையில் அடிப்படை ஊதியத்தோடு பஞ்சப்படியும் உண்டு. பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். ஊரையும் வேலையின் பெயரையும் பொறுத்துத் தொகை வேறுபடும். தொழிலாளர் துறை இணையதளத்தில் அந்த வருட ஆணை கிடைக்கும். பில் போடுபவரை "ஹெல்பர்" என்று பதிந்து கீழ்த் தட்டுச் சம்பளம் தருகிறார்களா என்று அதில் ஒப்பிடலாம்.

வேலையை விடும்போது

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் பெயர், சேர்ந்த தேதி, விடும் தேதி, பாக்கி சம்பளம் எவ்வளவு, ஹோல்ட் செய்தது எவ்வளவு என்று எழுதி, நகலில் ரிசீவ்டு வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை வாங்கிவையுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். விலகியவருக்கு 2 வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. "அடுத்த ஆடிட் முடியட்டும்", "ஸ்டாக் எடுக்கட்டும்" என்று இரண்டு மாதம் அலைக்கழிப்பதற்கு இடமே இல்லை. அவர்களாகவே நிறுத்தினால், 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது. நோட்டீஸ் தரவில்லை என்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். இதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியைக் கடை ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறாமல் பணம் எடுக்க முடியாமல் திண்டாடுபவர்கள் பலர். 5 வருடம் முடித்திருந்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு.

பணம் வரவில்லை என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகம், இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கடையின் பெயரை பில்லில் உள்ளபடியே எழுதுங்கள். போர்டில் ஒரு பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணுக்கு மேலே வேறு பெயரும் இருக்கும், பில்லில் இருப்பதுதான் செல்லும். அநியாயம், அக்கிரமம் என்று எழுதுவதைவிட ஓவர்டைம் 78 மணி, பிடித்தம் 1,500, ஹோல்ட் 6,000 என்று மாதவாரியாக எழுதினால் அதிகாரி உடனே கேள்வி கேட்க முடியும். நோட்டின் ஜெராக்ஸ், வங்கி ஸ்டேட்மென்ட், பில் போட்டோ, வாட்ஸ்ஆப் பிரின்ட் ஆகியவற்றை இணைத்து, உங்கள் நகலில் அலுவலக சீல் வாங்கிவிடுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பில் 3 ஆண்டு வரை கேட்கலாம் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். கடை கைமாறினால், பெயர் மாறினால், நிரூபிப்பது கடினமாகிவிடும்.

பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து கடைக்கு ஒரு நோட்டீஸ் போனதுமே போன் வரும். "எதுக்குமா ஆபீசுக்கெல்லாம் போனே, நேர்ல வா, பேசி முடிச்சுக்கலாம்." போகலாம். தனியாகப் போகாமல் வீட்டில் ஒருவரையோ கூட வேலை பார்த்தவரையோ அழைத்துப் போங்கள். அங்கே ஒரு தாளை நீட்டுவார்கள். "எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அதில் இருக்கும். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறி மெசேஜ் வருவதற்கு முன் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏறிய தொகை முழுமையாக இல்லையென்றால், தாளில் தொகையை எழுதி, "இது பகுதித் தொகை மட்டும்" என்று சேர்த்த பிறகு போடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ் அங்கே இருந்தால், அதைக் கையில் வாங்கிய பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.